ஐம்பது வருடத்துக்கு ஒரு முழம்

காலை ஏழரை மணிக்குக் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் மைவோர் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பயணிகள் எழுபது பேர். பாதிப் பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மீதிப் பேர் அவர்களைக் கட்டிக்கொண்டவர்கள். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே குறிப்பெடுக்கிற கூட்டம் அது. நார்வே மலைகளையும் பால்டிக் தீவுகளின் கோட்டைகளையும் பத்து நாள் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, பின்லாந்துக் கரையை ஒட்டிய இந்தக் க்வார்க்கன் கடல் சப்பென்றுதான் இருக்கும். மலை இல்லை, கோட்டை இல்லை. தண்ணீருக்கு இரண்டு விரல் மேலே கல், கல், அப்புறமும் கல்.

"இங்க பாக்க ஒண்ணுமே இல்லைன்னு தோணும். கொஞ்சம் பொறுங்க," என்றாள் மைவோர். "பனியுகத்துல இந்த மண்ணு மேல மூணு கிலோமீட்டர் உயரத்துக்குப் பனி உக்காந்திருந்துச்சு. அது எழுந்து போய் பத்தாயிரம் வருஷம் ஆகுது. அமுங்கின நிலம் இன்னும் நிமிர்ந்துக்கிட்டே இருக்கு. அம்பது வருஷத்துக்கு ஒரு முழம். நான் பொறந்தப்போ தண்ணிக்குள்ள இருந்த இடத்துல இன்னிக்கு நீங்க கால் வைக்கப் போறீங்க."

முன்வரிசையில் ஹெண்ட்ரிகா டீச்சர் கையைத் தூக்கினாள். ஹாலந்தில் முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவள். பதில் சரியாக வரும்வரை விடமாட்டாள்.

"அந்தப் புது நிலம் யாருக்குச் சொந்தம்?"

"ஊருக்கு. கரையில தோட்டம் வச்சிருக்கவன் 'என் வாசல்ல வந்துச்சு, எனக்குத்தான்'னு சொல்ல முடியாது. ஊரே கூடித்தான் பங்கு பிரிக்கும். சண்டையும் ஊரே கூடித்தான் போடும்."

கூடம் சிரித்தது. மைவோரும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு உள்ளே உதறிக்கொண்டிருந்தது. அறுபத்தொரு வயதில், எத்தனையோ கப்பல்களில் எத்தனையோ தடவை சொன்ன பாடத்துக்காக யாரும் உதறமாட்டார்கள். உதறல் ஒரு பாறைக்காக. அதையும் பயணிகளிடம் மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

அவளுடைய அப்பா எவால்ட், எதிரே தெரிகிற தீவில் தபால் படகு ஓட்டியவர். மைவோருக்கு ஒன்பது வயதானபோது, ஊர் ஜெபவீட்டுக்கு ஒரு ஹார்மோனியம் வாங்கினார்கள். ஏழு வருடம் பெண்கள் காபியும் பன்னும் விற்றுச் சேர்த்தது. கால்மிதி வைத்த பெரிய பெட்டி. அதைக் கொண்டுவர எவால்ட் வாசா நகரத்துக்குப் போனார். அதை வாசிக்கப் போகிறவள் என்று ஊர் தேர்ந்தெடுத்த அவருடைய மனைவி ரூனாவும் கூடப் போனாள். திரும்பி வரும்போது, காற்றில்லாத ஜூன் மாதப் பட்டப்பகலில், படகு பாறையில் ஏறிவிட்டது. பாரத்தைக் குறைக்க ஹார்மோனியத்தைக் கடலில் தள்ளிவிட்டு, இருவரும் தண்ணீரை இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தார்கள்.

"நான் வழி மாறல. பாறை வளர்ந்து வந்திருக்கு," என்றார் எவால்ட்.

நிலம் வளர்கிறது என்பது அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். தாத்தா காலத்துப் படகுக் கொட்டகைகள் இப்போது புல்வெளி நடுவில் நிற்கின்றன. ஆனாலும் போன வாரம் வரை ஒழுங்காக இருந்த வழியில் இந்த வாரம் ஒரு பாறை முளைத்தது என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? விசாரணைக்காரர்கள் வந்து அவர் காட்டிய இடத்தில் சங்கிலி போட்டு இழுத்துப் பார்த்தார்கள். பாறையும் இல்லை, ஹார்மோனியமும் இல்லை. தபால் வேலை போயிற்று. அன்றிலிருந்து அவர் பெயர் கல் எவால்ட். கடைக்குப் போனால், "என்ன எவால்ட், பாறை சௌக்கியமா? எத்தனை பல்லு முளைச்சிருக்கு?" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இதையே சொன்னதற்கு மைவோர் அவன் கையைக் கடித்துவைத்தாள். அந்தக் கோபத்தில்தான் நிலவியல் படித்தாள். முப்பத்தைந்து வருடம் இந்தக் கடலின் கற்களை அளந்தாள். அந்த ஒரு கல் மட்டும் அகப்படவில்லை.

தபால் படகு போன பழைய வழி ஆழம் குறைந்து கைவிடப்பட்டுவிட்டது. இன்று காற்றழுத்தம் ஏறி, கடல் ஒரு முழத்துக்கு மேல் இறங்கியிருந்தது. அவள் வாழ்நாளில் இந்த மாதத்தில் தண்ணீர் இவ்வளவு வடிந்து பார்த்ததில்லை. பாறை என்று ஒன்று இருந்தால் இன்று தலை காட்டியே ஆகவேண்டும். கேப்டனிடம் கெஞ்சிக் கூத்தாடி, ரப்பர் படகை அந்தப் பக்கம் விட அனுமதி வாங்கியிருந்தாள்.

புறப்படுமுன் ஊர் முதியோர் இல்லத்துக்குப் போன் செய்தாள். எவால்டுக்குத் தொண்ணூறு வயது. காது மந்தம்.

"அப்பா, இன்னிக்கு உங்க பாறையைப் பிடிச்சிடுவேன்!"

"அந்தப் பக்கமெல்லாம் போகாதம்மா. ரப்பர் படகு கிழிஞ்சிடும். மீன் சாப்பிட்டியா?" என்று கத்தினார் அவர்.

பாவம், ஏமாந்துவிடுவோமோ என்று பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ரப்பர் படகை ஓட்டியது ஸ்டிக், அதே தீவுக்காரன். மைவோர் கடித்த பையனும் அவனேதான். இன்றைக்கும் புதுப் பயணிகளுக்கு அந்தத் தழும்பைக் காட்டாமல் விடமாட்டான்.

"பாருங்க, விஞ்ஞானி கடிச்சது," என்றான் மணிக்கட்டை நீட்டி. "அக்கா, பாறை கிடைக்கலைன்னா கடிக்க இன்னொரு கையையும் தரேன்."

"வாயை மூடிக்கிட்டு நேரா ஓட்டுடா."

படகில் பத்துப் பயணிகள். மைவோர் தூரத்துத் திட்டுகள் இரண்டைக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் வெள்ளையடித்த கற்குவியல் ஒன்று. "முன்னால இருக்கறது பின்னால இருக்கறதை மறைச்சா நாம வழியில இருக்கோம். ரெண்டும் தனித்தனியாத் தெரிஞ்சா வழி தப்பிட்டோம். அந்தக் காலத்துல அவ்வளவுதான் கணக்கு."

பழைய வழி நெடுக மெதுவாகப் போனார்கள். எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்தார்கள். கண்ணாடித் தண்ணீர். அடியில் மணல், பாசி, மறுபடி மணல். கடைசிவரை போய்த் திரும்பினார்கள். ஒன்றுமில்லை. மைவோர் போனை எடுத்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்தாள். அப்பாவுக்கு என்ன சொல்வது?

"அங்க ஒரு கடற்புறா தண்ணி மேல நிக்குதே," என்றாள் ஹெண்ட்ரிகா டீச்சர்.

மிதக்கவில்லை. நின்றுகொண்டிருந்தது. இருநூறு மீட்டர் தள்ளி, நடுக்கடலில், இரண்டு காலையும் ஊன்றி.

ஸ்டிக் படகைத் திருப்பினான். கிட்டே போனதும் பறவை எழுந்து போயிற்று. அது நின்ற இடத்தில் சிவந்த கருங்கல், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம், ஈரத்தோடு பளபளத்தது. பனி எழுந்து போனபிறகு அந்தக் கல்லில் வெயில் படுவது இந்தக் கோடையில்தான் முதல் தடவையாக இருக்கும். ஸ்டிக் இயந்திரத்தை நிறுத்தினான். ஹெண்ட்ரிகா டீச்சர் குனிந்து, பிறந்த குழந்தையின் தலையைத் தொடுகிற பயத்தோடு, ஒரு விரலால் அதைத் தொட்டாள். யாரும் புகைப்படம் எடுக்கவில்லை.

அப்புறம்தான் மைவோர் பாறையின் அடிவாரத்தைப் பார்த்தாள்.

ஹார்மோனியம் மல்லாந்து கிடந்தது. இந்தக் கடலில் உப்பு குறைவு, மரம் தின்னும் புழு கிடையாது. இரண்டு பெரிய கற்களுக்கு நடுவே ஒண்டியதால் குளிர்காலப் பனிப்பாளங்களும் விட்டுவைத்திருந்தன. ஒரு பக்கம் உடைந்திருந்தது. கட்டைகள் வரிசை குலையாமல் இருந்தன. துருத்தி இருந்த பொந்திலிருந்து கோடு போட்ட மீன் ஒன்று வெளியே வந்து, இவர்களைப் பார்த்துவிட்டு, உள்ளே போயிற்று. தண்ணீர் துளிகூட அசையவில்லை. இவ்வளவு வருடமாக அது இந்த இடத்திலேயே, ஒருவர் கண்ணிலும் படாமல், வருடத்துக்கு ஒரு நக அகலம் மேலே வந்துகொண்டிருந்திருக்கிறது. ஆயிரம் தடவை வாயால் சொன்ன விஷயத்தை அன்றுதான் மைவோர் கண்ணால் பார்த்தாள்.

"ஒரு சந்தேகம்," என்றாள் ஹெண்ட்ரிகா டீச்சர், தயங்கித் தயங்கி. "அந்த வெள்ளைக் குவியல் ரெண்டும் இங்கேருந்து தனித்தனியாத் தெரியுதே."

மைவோர் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு குவியல்களுக்கும் நடுவே ஒரு தோப்பே தெரிந்தது.

"நீரோட்டம் பெட்டியை இழுத்துட்டு வந்திருக்கும்," என்றான் ஸ்டிக் சட்டென்று. ஐம்பது வருடம் கிண்டல் செய்தவன், அந்த நிமிடத்தில் எவால்டுக்காகப் பொய் சொன்னான். "இந்தப் பக்கம் இழுப்பு ஜாஸ்தி அக்கா."

"நூறு கிலோ பெட்டியை இழுக்கற நீரோட்டம் இங்க ஏதுடா?" அவள் பயணிகள் பக்கம் திரும்பினாள். "வழி அங்க. பாறை இங்க. எங்கப்பா தப்பாத்தான் ஓட்டியிருக்காரு."

போனை எடுத்தாள். அப்பாவோடு பேசுவது ஊர் ஸ்வீடிஷ் பேச்சில். பயணிகளுக்குப் புரியாது. ஸ்டிக்குக்குப் புரியும். எவால்ட் கத்துகிற கத்தலில் அவன் காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கும்.

"அப்பா, பாறை கிடைச்சிருச்சு. ஹார்மோனியமும் பக்கத்துலயே இருக்கு."

அந்தப் பக்கம் ரேடியோவை அணைக்கிற சத்தம் வந்தது.

"வழியை விட்டு இருநூறு மீட்டர் தள்ளிப் போயிருக்கீங்கப்பா."

"ஆமா," என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஓட்டினவன் நான். எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

மைவோருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "முப்பத்தஞ்சு வருஷம்ப்பா! நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக நான் கல்லு கல்லா அளந்தேன். உங்களுக்காக அடுத்தவன் கையைக் கடிச்சேன். ஏன் பொய் சொன்னீங்க?"

"உங்கம்மா வாசிச்சாம்மா."

"என்ன?"

"ஹார்மோனியத்தை. சும்மா ஒரு தடவைன்னு பெட்டியைப் பிரிச்சா. முதல்ல ஒரு ஜெபப் பாட்டு. அப்புறம் சுத்துமுத்தும் பாத்தா. நடுக்கடல்ல யாரு இருக்கா? அவ பொறந்த ஊர்ல கல்யாணத்துக்கு ஆடுவாங்களே, அந்த ஆட்டப் பாட்டை எடுத்தா. தண்ணி அப்படியே நிக்குது. அவ கண்ணை மூடிக்கிட்டு வாசிக்கறா. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அதுக்கு முன்னாலயும் அப்படி ஒண்ணைக் கேக்கல, அப்புறமும் கேக்கல. சுக்கான் கையிலதான் இருந்துச்சு. நான்தான் அங்க இல்ல."

அந்த நாளில் ஆட்டப் பாட்டு என்றால் அந்த ஊரில் பாவம். ஜெபவீட்டுக்கு வாங்கிய ஹார்மோனியத்தில் அதைத் தொட்டவள் என்று தெரிந்திருந்தால், ரூனா ஜெபவீட்டு வாசலை மிதித்திருக்க முடியாது, கடையில் அவளுக்கு ஒரு வாய் காபி ஊற்றியிருக்கமாட்டார்கள்.

"வழி மாறிட்டேன்னு ஒத்துக்கிட்டா, பட்டப்பகல்ல எப்படி மாறினேன்னு கேப்பாங்க," என்றார் எவால்ட். "எனக்குக் கோர்வையாப் பொய் சொல்ல வராது. பாறை வளர்ந்துச்சுன்னு ஒண்ணே ஒண்ணு சொன்னேன். கேட்டவன் சிரிச்சான். சிரிச்சவன் அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. எடத்தையும் மாத்திக் காட்டிட்டேன்."

பத்து வருடம் கழித்து ஜெபவீட்டுக்கு வேறொரு ஹார்மோனியம் வந்தது. அம்மா அதன் பக்கமே போகவில்லை. விரல் வராது என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள், சாகும்வரை. அம்மாவுக்கு வாசிப்பே மறந்துபோயிற்று என்றுதான் மைவோர் நம்பியிருந்தாள். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கண்ணீர் மட்டும் தாடை வரை வந்துவிட்டது.

ஸ்டிக் எழுந்து நின்றிருந்தான். கையில் படகின் கொக்கிக் கழி. ஹார்மோனியத்தை மாட்டித் தூக்கி ஊருக்குக் கொண்டுபோகத்தான் அவன் அதை எடுத்திருந்தான். இப்போது அதை என்ன செய்வதென்று தெரியாமல் மைவோரைப் பார்த்தான். அவனுடைய அம்மாவும் அந்த ஏழு வருடம் பன் விற்றவள்.

"அப்பா, ஸ்டிக் இதை மேல தூக்கட்டுமான்னு பாக்கறான்."

"வேண்டாம், வேண்டாம்! தூக்கினா எங்க கிடந்துச்சுன்னு கேப்பாங்க. அங்கேருந்து உங்கம்மாகிட்டதான் வந்து நிப்பாங்க." எவால்ட் மூச்சு வாங்கினார். "அது தானா மேல வரட்டும். புதுசா வர்றது ஊருக்குத்தானே சொந்தம்? அப்ப எடுத்துக்கட்டும். அன்னிக்கு எவனும் ஆட்டப் பாட்டுக்குத் திட்டமாட்டான்."

மைவோர் தண்ணீருக்குள் பார்த்தாள். கண்ணால் அளக்கிற பழக்கம் அவளை விடவில்லை. தண்ணீர் வழக்கமான மட்டத்துக்கு ஏறிவிட்டால், நாலு முழ ஆழம்.

"இருநூறு வருஷம் ஆகும்ப்பா."

"ஆகட்டுமே. என்ன அவசரம்?"

ஸ்டிக் கொக்கிக் கழியைச் சத்தம் வராமல் படகின் அடியில் வைத்தான்.

"என்ன சொல்றாரு உங்கப்பா?" என்று கேட்டாள் ஹெண்ட்ரிகா டீச்சர்.

"பாறை வளர்ந்துதான் வந்துச்சாம்," என்றாள் மைவோர். "ஒத்துக்கவே மாட்டேங்கறாரு."

ஸ்டிக் சத்தமாகச் சிரித்தான். பயணிகளும் சிரித்தார்கள்.