நூல்காரம்மா போட்ட கையெழுத்து

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் நூல்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமுடியைவிடச் சற்றே தடித்த, நடுவே துளையுள்ள நூல்களை இழுப்பது அவள் வேலை. அப்படிப் பத்தாயிரம் நூல்களை ஒரு குழாய்க்குள் அடைத்தால், சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் வடிகட்டி தயார். நாட்டில் அதைச் செய்ய ஆளில்லை. வெளிநாட்டிலிருந்து அதைக் கொண்டுவரும் கப்பல் தாமதமானால் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த நிலையை மாற்றத்தான் அரசாங்கம் அவளது ஆராய்ச்சிக்கு மானியம் கொடுத்துவந்தது.

திட்டத் தலைவரை அவள் ‘அண்ணே’ என்பாள். வெறும் வாய்வார்த்தையாக அல்ல. மேலிடத்தோடு மல்லுக்கட்டுவது அவர் பாடு, நூல் அவள் பாடு என்று இருவரும் ஒன்பது வருடம் சேர்ந்து உழைத்தவர்கள்.

ஆறு வருடம் அந்த நூல் அவளைப் படாத பாடு படுத்தியது. இழுத்தால் அறுந்தது, அறாவிட்டால் நசுங்கியது. ஏழாம் வருடம் நூல் இழுக்கும் கரைசலில் ஓர் உப்பைச் சேர்த்து, நூல் விழும் தொட்டித் தண்ணீரைச் சற்றுச் சூடாக்கிப் பார்த்தாள். நூல் அறாமல், நசுங்காமல் நின்றது. வெட்டி நுண்ணோக்கியில் வைத்தபோது, துளைகள் பூவிதழ் போல மூன்று அடுக்காக விரிந்திருந்தன. எந்தப் புத்தகத்திலும் அவள் பார்த்திராத அமைப்பு.

“அண்ணே, ஓடி வாங்க! அடங்காததுங்க எல்லாம் எப்படி வரிசையில நிக்குது பாருங்க!”

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “யார்கிட்டயும் மூச்சு விடாதே. காப்புரிமையை நான் பாத்துக்கறேன்.”

அவள் மூச்சு விடவில்லை. கட்டுரை எழுதவில்லை. கணவனிடம்கூடச் சொல்லவில்லை. காப்புரிமை என்னாச்சு என்று கேட்டபோதெல்லாம் “கோப்பு மேலிடத்துல இருக்கு” என்றார் அவர். மறுவருடம் அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதமும் அவர் ஒருநாள் விடாமல் வந்தார். விடுப்புக் கடிதங்களைக்கூட வார்டு வராந்தாவுக்கே கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போனார். மானியம் முடிந்ததும் உடம்பு முடியவில்லை என்று முன்கூட்டியே ஓய்வு பெற்றார். பிரிவுபசார விழாவில் அதிகம் அழுதவள் அவள்தான்.

எட்டு மாதம் கழித்து ஒரு பெட்டி வந்தது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வாங்கப்போகிற வெளிநாட்டு வடிகட்டி. சோதித்து அறிக்கை தரவேண்டும். ஒரு நூலை உருவி, வெட்டி, நுண்ணோக்கியில் வைத்தாள்.

மூன்று அடுக்கு. பூவிதழ்.

தன் பழைய மாதிரியைத்தான் மாற்றி வைத்துவிட்டோம் என்று நினைத்தாள். வேறு நூலை வெட்டினாள். பிறகு இன்னொன்றை. ஏழாவதை வெட்டும்போது கத்தி விரலில் இறங்கியது.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனாள். “வாம்மா, எத்தனை நாளாச்சு!” என்று அண்ணி சிரித்தபடி கதவைத் திறந்தார். கூடத்தில் அந்த வடிகட்டியைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் பொறித்த பை சாய்ந்திருந்தது.

“இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. நம்பிடறேன்.”

“எதுக்குப் பொய்? இங்கேயே கிடந்தா கோப்போட கோப்பா செத்திருக்கும். இப்ப ஆஸ்பத்திரிக்கு வருதில்ல? யாரு செஞ்சா என்ன?”

“நாம செஞ்சா என்னண்ணே?”

அவர் எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு தாளின் நகலை எடுத்து நீட்டினார். நூல் செய்யும் அந்த முறையில் தனக்கு எந்த உரிமையும் வேண்டாம் என்று எழுதியிருந்தது. கீழே அவள் கையெழுத்து. தேதியைப் பார்த்தாள். அப்பா இறப்பதற்கு முந்தின நாள்.

“விடுப்புக் கடிதத்தோட சேர்த்து வச்சு நீட்டினீங்களா?”

“படிச்சுப் பாத்திருக்கலாமே.”

அண்ணி கொண்டுவந்த காபியை மேசையில் வைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவளும் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

வடிகட்டி எல்லாச் சோதனையிலும் தேறியது. ஒரே ஒரு எண்ணை மாற்றி எழுதினால் போதும், அது நாட்டுக்குள் வராது. ஆனால் அவளால் அதைச் செய்ய முடியவில்லை. ‘தரமானது’ என்று எழுதி, கீழே ஒரு பத்தி சேர்த்தாள்: இம்முறை இதே ஆய்வுக்கூடத்தில், அரசு மானியத்தில் உருவானது, ஆதாரம் என் குறிப்பேடுகள்.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். “அந்தப் பத்தியை எடுத்துடுங்கம்மா. நமக்குத்தான் அசிங்கம்.”

“அசிங்கம்தான் சார். அதனாலதான் எழுதினேன்.”

பத்தி இல்லாத அறிக்கை வேறொருவர் கையெழுத்தோடு போனது. அவள் குறிப்பேடுகளை நகலெடுத்து அமைச்சகத்துக்கு அனுப்பினாள். விசாரணை நடந்தது. பழைய திட்டத் தலைவர் அவள் கையெழுத்திட்ட அந்த ஒற்றைத் தாளை நீட்டினார். விசாரணை முடிந்தது.

வடிகட்டிகள் வந்து இறங்கிய பிறகு ஒருநாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த வார்டைப் பார்த்தாள். பதினான்கு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

“புதுசு நல்லா வேலை செய்யுதா?” என்று நர்ஸிடம் கேட்டாள்.

“சூப்பர் மேடம். வெளிநாட்டுச் சரக்காச்சே. நம்மாளுங்களால இதெல்லாம் முடியுமா?”

“முடியும்மா. முடிஞ்சுது.”

நர்ஸ் பேச்சுக்குத் தலையாட்டிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தாள்.