மாரிச்சாமி உருவிவிட்ட கால்

எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு மாரிச்சாமி என் இடது காலை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டான். காய்ச்சிய நல்லெண்ணெய். அவன் விரலை முக்கி எடுத்தபோது விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் குதிகாலில் பட்டபோது எனக்கு உச்சந்தலையில் முடி நட்டுக்கொண்டது. "சூடா இருக்கா மச்சான்?" என்று கேட்டான். இல்லை என்றேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினான். பிறகு கட்டைவிரலைத் தழும்பின் கீழ்முனையில் ஊன்றிக் கெண்டைச்சதை வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தான். நான் போட்ட சத்தத்தில் வேம்பில் இருந்த காக்கைகளெல்லாம் எழுந்து போய் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தில் உட்கார்ந்துகொண்டன என்றும், சாயங்காலம் வரை திரும்பவில்லை என்றும் ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தழும்பு அவன் போட்டது. எண்பத்தாறில், பங்குனி வெயிலில், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வத்திராயிருப்பு பஸ்ஸின் படியில் வைத்து வெட்டினான். மாரிச்சாமி எனக்கு அந்நியன் இல்லை. என் மனைவி அழகுத்தாய்க்குப் பெரியப்பா மகன். வாழைத்தோட்டத்தில் வேலை. அன்றைக்குக் கொல்லன் பட்டறையில் அரிவாளைக் காய்ச்சி அடித்துச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்திருந்தான். எங்கள் பக்கத்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டவனுக்கு அந்த ஸீட் சொந்தம். பட்டா நிலத்துக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது. அவன் போட்ட துண்டு ஸீட்டில் கிடந்தது. நான் அதை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அது இருந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

"மச்சான், துண்டு கெடந்துச்சா இல்லையா?" என்றான் மாரிச்சாமி.

"கெடந்துச்சு. அதை என் மடியில உக்கார வச்சுக் கூட்டிட்டு வாரேன். நீ நின்னுகிட்டு வா."

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை. அவன் என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். நான் அவன் காதைக் கடித்தேன். கண்டக்டர் எங்கள் இருவரையும் சேர்த்துக் கீழே தள்ளியபோது காது மடலில் ஒரு துண்டு என் வாயில் இருந்தது. உப்புக் கரித்தது. துப்பிவிட்டேன். இடத்தை விடக்கூடாது என்று மறுபடியும் ஏறினேன். வலது கால் படியில், இடது கால் தரையில். அந்த இடது காலைத்தான், குதிக்கு மேலே, சாக்கைக்கூட முழுசாகப் பிரிக்காமல் வெட்டினான். கிணற்று வடம் அறுந்த மாதிரி ஒரு சத்தம் என் காலுக்குள் கேட்டது. முதலில் வலி இல்லை. ஊன்றினேன். பாதம் வேறு யாருடையதோ போலத் துவண்டு மடங்கியது. மண்ணில் ரத்தம் பொங்கி நுரைத்ததைப் பார்த்த பிறகுதான் வலித்தது. பஸ் கிளம்பிவிட்டது. என் வலது கால் செருப்பு மட்டும் வத்திராயிருப்பு வரைக்கும் போய், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தது.

போலீஸுக்குப் போனால் காலுக்கு அவனும் காதுக்கு நானும் உள்ளே போக வேண்டும். அதனால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பெரியவர் இருளப்பசாமி இளவயதில் இரண்டு பேரை வெட்டியவர் என்பதால் இந்த மாதிரி விஷயங்களில் அவர் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிவிட்டுச் சொன்னார்.

"ஏலே மாரிச்சாமி, காலை வெட்டுனது நீதான. நீயே உருவி நடக்க வையி. என்னைக்கு இந்தச் சங்கையா காலு ஊருக்கு முன்னால ஒன்னைய மல்லாக்க எத்தித் தள்ளுதோ, அன்னைக்கு நீ ஊரோட சேந்துக்கோ. அதுவரைக்கும் ஒன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒரு பய வரமாட்டான்."

"எங்காதுக்கு?" என்றான் மாரிச்சாமி.

"காதுல என்னத்தப் போட்டு உருவ. போலே."

நரம்பைத் தைத்து, மாவுக்கட்டுப் போட்டு, கட்டைப் பிரித்தபோது என் கால் வெயிலில் வாடிய முருங்கைக்காய் போல இருந்தது. ராஜபாளையத்தில் எலும்பு டாக்டரிடம் கால் கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஜெயபாய் என்று ஓர் அம்மா இருந்தார். பஸ்ஸிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் மாரிச்சாமி என்னை முதுகில் தூக்கிக்கொண்டு போனான். அவன் கழுத்து என் வாய்க்கு நேரே இருந்தது. அன்றைக்குக் கடிக்காமல் இருந்ததற்கு எனக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை. எதை எப்படி உருவ வேண்டும், எந்த விரலுக்கு என்ன வேலை கொடுக்க வேண்டும் என்று ஜெயபாய் அவனுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். அவன் வாயைத் திறந்துகொண்டு கேட்டான்.

"ஒங்க தம்பியா? பாசக்காரரா இருக்காரே" என்றார் என்னிடம். பிறகு அவனிடம், "காது என்னாச்சு?"

"நாய் கடிச்சிருச்சும்மா" என்றான் மாரிச்சாமி, என்னைப் பார்த்தபடி.

அன்றிலிருந்து தினமும் காலையில் என் வீட்டு வாசலில் சண்டை. உருவுதல் முடிந்ததும் பயிற்சி. முதலில் துண்டு. தரையில் விரித்துப் போட்டுக் கால்விரல்களாலேயே சுருட்டி இழுக்க வேண்டும். அவன் வீட்டில் வேறு துண்டே இல்லாதது போல அந்தப் பஸ் துண்டையே கொண்டுவந்தான். நான் இழுப்பேன். அவன் மறுமுனையை மிதித்துக்கொண்டு, "எடம் பிடி மச்சான், பிடி" என்பான். அடுத்தது கோலிக்குண்டு. ஒவ்வொன்றாக விரலிடுக்கில் கவ்விக் கிண்ணத்தில் போட வேண்டும். தவறி விழுந்தால் அதே குண்டை எடுத்து என் கணுக்காலில் சுண்டுவான். பிறகு சோடா பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் போட்டு உருட்ட வேண்டும். ஒருநாள் அந்தப் பாட்டிலை எடுத்து அவன் நெற்றியில் அடித்தேன். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவன் புறங்கையால் துடைத்துவிட்டு, பாட்டில் உடைந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் என் காலடியில் வைத்தான். கடைசியாக, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பெருவிரலால் காற்றில் எழுத்து எழுத வேண்டும். ஜெயபாய் அனா ஆவன்னா எழுதச் சொல்லியிருந்தார். நான் அவன் பிறப்பைப் பற்றி எழுதினேன். மாரிச்சாமி ஐந்தாவது வரை படித்தவன். நான் எழுதி முடிக்கும் வரை பொறுமையாகப் பார்த்துவிட்டுப் பாதத்தைப் பிடித்து முறுக்கினான். "சுழி சரியில்ல, இன்னொரு தடவை எழுது" என்றான்.

ஆடி பிறந்தபோது என் கால்விரல்களுக்கு வந்திருந்த பலத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் குறைத்தே சொல்கிறேன். கதவில் அறைந்திருந்த ஆணியைப் பெருவிரலும் அடுத்த விரலுமாகப் பிடுங்கினேன். ஓடிய கோழியை உட்கார்ந்த இடத்திலிருந்து காலால் பிடித்தேன். கோழியே கொஞ்ச நேரம் கத்தாமல் யோசித்தது. ஒருநாள் காலை, அவன் வருவதற்கு முன்பு, சுவரைத் தொடாமல் இடது காலில் மட்டும் நின்று குதியைத் தூக்கிப் பார்த்தேன். தூக்கியது. மொத்த உடம்பும் அந்த விரல்களின் மேல் ஆடாமல் நின்றது. அப்போது தெருமுனையில் அவன் இருமுகிற சத்தம் கேட்டது. நான் கம்பை எடுத்து ஊன்றிக்கொண்டு நொண்டி நொண்டிப் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், அவன் மகள் முத்தாத்தாளுக்குத் தேவதானத்தில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். ஊர் ஒதுக்கி வைத்த வீட்டில் எப்படிச் சம்பந்தம் செய்வது என்று அவர்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் உதைத்தால் மாரிச்சாமிக்கு ஒரு நாள் வலிக்கும், மறுநாள் அவன் வீட்டில் பந்தக்கால் நடுவார்கள். உதைக்காமல் இருந்தால் தினமும் வலிக்கும். என் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிற அவன் முகத்தில் அந்த வலியை நான் தினமும் பக்கத்திலிருந்து பார்க்கலாம். இப்படி ஒரு வசதி எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. நான் வேலை பார்த்த மில்லிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டபோதுகூட இன்னும் கால் சரியாகவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அழகுத்தாய்தான் முதலில் கண்டுபிடித்தாள். எனக்கு மாங்காய் ஊறுகாய் இல்லாமல் கஞ்சி இறங்காது.

"பரண்ல இருந்த ஊறுகா ஜாடி தானா எறங்கி வந்துச்சாக்கும்" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

நான் கஞ்சியைக் குடித்தேன்.

"அந்தப் பிள்ளை ஒங்கள என்ன செஞ்சா? மாமா மாமான்னு வாயி நெறையக் கூப்பிடுவாள்ல."

"அவ அப்பன் என் காலை வெட்டுனான்."

"காலு இருக்குல்லா. அவிய காது எங்க?"

அதற்கும் நான் கஞ்சியைத்தான் குடித்தேன். அன்றிலிருந்து அவள் எனக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், பேசவில்லை.

தேவதானத்துக்காரர்கள் ஐப்பசிக்குள் முடிவு சொல்வதாக ஆள் அனுப்பினார்கள். அதற்கு மறுநாள் டீக்கடையில் நான் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது மாரிச்சாமி வந்து என் முன்னால் நின்றான். கிளாஸைத் தட்டிவிட்டான். சுடுடீ என் தொடையில் கொட்டியது. சட்டையைப் பிடித்து எழுப்பிக் கன்னத்தில் அறைந்தான்.

"ஏலே, கடிக்கத்தான் தெரியுமாலே ஒனக்கு? ஆம்பளையா இருந்தா எத்துலே. எத்து."

அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று கடைக்காரர் நினைத்தார். மறுபடி அறைந்தான். உதடு கிழிந்து, ஒரு பல் நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. என்னைக் கேட்காமலே என் இடது முழங்கால் எழுந்தது. பாதம் நீண்டு அவன் வயிற்றைக் குறி பார்த்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. அவன் பார்த்தான். அடிவாங்கப் போகிறவனின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கைகளை விரித்துக்கொண்டு நெஞ்சைக் காட்டினான். நான் பல்லைத் துப்பிவிட்டுக் கம்பை எடுத்து, அந்தக் காலை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தேன். சந்தோஷம் போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் அடித்த அடி உண்மையான அடி. நான் விழுந்த பிறகும் அடித்தான். நாலு பேர் சேர்ந்து பிரித்தார்கள்.

மறுநாள் காலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தான். அவன் விரல்முட்டிகள் வீங்கியிருந்தன, என் முகமும் வீங்கியிருந்தது. காலை மடியில் போட்டுக்கொண்டு கெண்டைச்சதையை அமுக்கினான்.

"கல்லு மாதிரி இருக்கு மச்சான். ஆடி மாசமே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா பெருசுகிட்ட போயிச் சொல்ல வேண்டியதுதான."

"வெட்டுனவன் சொல்லு எடுபடுமா?"

"பொறவு எதுக்குத் தினமும் வாரே?"

அவன் தையல் போட்ட முடிச்சின் மேல் விரலை வைத்து வட்டமாகத் தேய்த்தான். "இந்த எடத்துல இன்னும் எளக்கம் வரல. மில்லுல ஷிப்டு பூராம் நிக்கணும்லா நீ. நின்னா வீங்கும்" என்றான். பிறகு, "வெள்ளிக்கெழம சம்பந்தகாரவிய வாராக. அன்னைக்கு எத்திரு. மெதுவா எத்தாத. பெருசு செல்லாதுன்னு சொல்லிருவாரு" என்றான்.

அவன் கெஞ்சியிருந்தால் நான் சிரித்திருப்பேன். கையை ஓங்கியிருந்தால் பாட்டிலை எடுத்திருப்பேன். முடிச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என்னிடம் இருந்த ஒரே சொத்தை அவன் விரல் நுனியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கரைப்பது போல இருந்தது.

என் காலைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நான் பெரியவருக்குச் சொல்லி அனுப்பியபடி, வெள்ளிக்கிழமை கோயில் பொட்டலில் ஊர் கூடியது. தேவதானத்துக்காரர்களுக்குப் பெஞ்சு போட்டிருந்தார்கள். முத்தாத்தாள் பெண்களோடு நின்று முந்தானையை வாயில் கவ்விக்கொண்டிருந்தாள். மாரிச்சாமி சட்டையில்லாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடுவில் நின்றான். நான் கம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு நடந்தேன். கூட்டம் உஸ்ஸென்றது. அழகுத்தாய் மட்டும் என் காலைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அளவாக உதைப்பது என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். அவன் விழுந்தால் போதும். ஆனால் நடந்து போகிற தூரத்தில் அந்தப் பஸ்ஸும், சிரித்த நாலு பேரும், தொடையில் கொட்டிய டீயும், வெள்ளிக்கிழமை எத்திரு என்று அவன் சொன்ன அந்தக் குரலும் ஒன்றன்பின் ஒன்றாக என் காலுக்குள் ஏறிக்கொண்டன. வலது காலை ஊன்றி இடது காலை விட்டேன். விலாவில் இறங்கியது. காய்ந்த மட்டை ஒடிகிற சத்தம். அவன் எவ்வளவு உயரம் போனான் என்று ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வேப்பங்கிளையில் தலை இடித்தது என்பவனும் உண்டு. நான் அவ்வளவெல்லாம் சொல்ல மாட்டேன். மல்லாக்க விழுந்தான். பின்மண்டை கல்லில் பட்டது. வாயின் ஓரத்தில் ரத்தம் குமிழிட்டது.

உதைத்த வேகத்தில் நானும் தடுமாறி அவன் பக்கத்தில் போய் நின்றேன். அவன் கை மண்ணைத் துழாவியது. என் இடது பாதத்தைத் தொட்டது, பிடித்தது, இழுத்தது. என்னைக் கீழே இழுத்துப் போடப் போகிறான் என்று கைகளை மடக்கிக்கொண்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கண்கள் மேலே எங்கேயோ சொருகியிருந்தன. பாதத்தைத் தூக்கித் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டான். கட்டைவிரல் தழும்பின் கீழ்முனையைத் தேடிப் பிடித்தது. அங்கேயிருந்து மேலே நகர்ந்தது. முடிச்சில் நின்றது. அறுந்திருக்கிறதா என்று பார்ப்பது போல மெல்ல அமுக்கியது.

"ஏலே விட்ருலே, முடிஞ்சு போச்சு" என்றார் இருளப்பசாமி.

முத்தாத்தாள் ஓடி வந்து அவன் தலையைத் தூக்கினாள். "எப்பா, எப்பா" என்றாள். மேளக்காரன் அடிப்பதா வேண்டாமா என்று பெரியவரைப் பார்த்தான். நான் ஊருக்கு நடுவில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். என் பாதத்துக்குக் கீழே அவன் நெஞ்சு ஏறியது, இறங்கியது, நெடுநேரம் ஏறவில்லை, மறுபடி ஏறியது. கட்டைவிரல் மட்டும் நிற்காமல் கெண்டைச்சதையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.