இரண்டாவது படிவம்

"நெஞ்சு நின்னுட்டா மறுபடி ஓட வைக்க முயற்சி பண்ணணுமா? ஆமா, இல்ல, தெரியல. மூணுல ஒண்ணு" என்று செய்தி வாசிப்பவர் குரலில் கேட்டேன். அப்பா வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"பரீட்சை மாதிரில்ல இருக்கு. பிட்டு எதுவும் வச்சிருக்கியாடா?"

நாளைக் காலை பத்து மணிக்கு அந்தப் படிவத்தை டாக்டரிடம் கொடுக்க வேண்டும். அப்பாவின் இதயம் முப்பது சதவீதம்தான் வேலை செய்கிறதாம். கல்லூரியில் என் வருகைப்பதிவே அதைவிட மேல். அவரால் பேச முடியாமல் போனால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதை இப்போதே எழுதி வைக்கும் தாள் அது. 'உங்கள் சார்பில் பேசுபவர்' என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டாகிவிட்டது. ஒரே பிள்ளை, போட்டியின்றித் தேர்வு. அவர் இன்று சொல்லாமல் விடுவதை என்றோ ஒருநாள் நான் ஊகிக்க வேண்டியிருக்கும். ஊகித்து எழுதிய பாடங்கள் எல்லாவற்றிலும் எனக்கு அரியர்.

நெஞ்சுக்கு "இல்ல" என்றார். மூச்சு மெஷினுக்கும் "இல்ல."

"எல்லாத்துக்கும் இல்லன்னா எப்படிப்பா? 'எனக்கு முக்கியமானவை'ன்னு அஞ்சு வரி விட்டிருக்காங்க பாருங்க."

பழத்தைக் கீழே வைத்துவிட்டு, யாரோ பக்கத்தில் நின்று சொல்வதைத் திருப்பிச் சொல்பவர்போலக் கடகடவென்று சொன்னார். "கையைக் கட்டக் கூடாது. எழுது. கட்டில் ஜன்னல் பக்கம் இருக்கணும். கால்ல தடிமனா சாக்ஸ். தலையைத் தினம் வாரிப் பின்னி விடணும், இல்லன்னா சிக்கு விழுந்துடும்."

அத்தனையையும் எழுதி முடித்த பிறகுதான் நிமிர்ந்தேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பாவின் தலை வழுக்கை.

"எதைப்பா பின்றது?"

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருடங்களுக்கு முன் அம்மா பதினொரு நாள் மூச்சு மெஷினில் இருந்துதான் இறந்துபோனாள். குழாயைப் பிடுங்கிவிடுவாள் என்று இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். பார்வை நேரத்தில் அப்பா போய் ஒரு கையை மட்டும் அவிழ்த்துத் தன் கைக்குள் வைத்துக்கொள்வார். மணி அடித்ததும் அவரே திரும்பக் கட்டிவிட்டு வருவார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்க்க லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் மெயின் சுவிட்சில் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். அவனே மேலே வந்து திறக்கும்வரை முதலாளியே வந்து குதித்தாலும் லிஃப்ட் ஓடக் கூடாது. எனக்குப் பல் முளைப்பதற்கு முன்பே அவர் சொல்லிக்கொடுத்த விதி இது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சாவி சட்டைப் பையில்தான் இருக்கிறது.

"நீட்டின காகிதத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டேன்டா" என்றார். "அவ பூட்டு அது. சாவி அவகிட்ட இருந்துச்சு. முப்பது வருஷம் ஒண்ணா இருந்தோம், ஒருநாள்கூட கேட்டு வாங்கி வைக்கல."

"கேட்டிருந்தா அம்மா என்ன சொல்லியிருக்கும்?"

"திட்டியிருப்பா. நல்ல நாளும் அதுவுமா பேசுற பேச்சா இதுன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் பாத்திரம் கழுவிக்கிட்டே, நம்ம பக்கம் திரும்பாமயே எல்லாத்தையும் சொல்லியிருப்பா."

இருவரும் சமையலறைப் பக்கம் பார்த்தோம். குழாய் மூடித்தான் இருந்தது.

அப்பா பேனாவை வாங்கினார். தாளின் தலைப்பில் இருந்த தன் பெயரை ஒரே கோடாக அடித்துவிட்டு, அதன் மேல் அம்மாவின் பெயரை இனிஷியலோடு எழுதினார். இரண்டாக மடித்து, அலமாரியில் அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அப்பா எதையும் முதல் தடவையிலேயே சரியாக எழுதியதில்லை என்பதால் நிரப்புவதற்கு முன்பே படிவத்தை ஒரு நகல் எடுத்து வைத்திருந்தேன். அதை அவர் முன்னால் நகர்த்தினேன்.

"இது உங்களோடதுப்பா. உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கா?" அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருந்தது. "இரு, யோசிச்சுச் சொல்றேன்."

மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பியது. சட்டைப் பையிலிருந்து அந்தச் சாவியை எடுத்து அதன்மேல் வைத்தார், என் பக்கத்து ஓரத்தில். உரித்த பழம் கறுக்கத் தொடங்கியிருந்தது. சாவிக்கு அந்தப் பக்கம், வெற்றுத் தாளின் மற்ற முனை மட்டும் எழும்பி எழும்பித் தணிந்தது.