கீற்று மூடிய கிணறு

“தட்டத்துல வெச்ச தண்ணி எங்கீங்க மாப்பிளே போச்சு?”

“ஆவியாப் போச்சுங்க மாமா. வெய்யல் குடிச்சுப்போட்டுது. காத்தும் சேந்தா இன்னும் வெரசாக் குடிக்கும்.”

“அப்ப எங்கெணத்துத் தண்ணியும்?”

“அதேதானுங்க.”

தைப்பொங்கல் நோம்பி விருந்தன்று தெய்வாத்தாளின் புருஷன் அங்கப்பனும் அவன் மச்சினனும் பேசிய பேச்சு இது. கோயமுத்தூர்க் காலேஜில் படித்த தம்பி பாலுசாமி, வாசல் வெயிலில் பித்தளைத் தட்டத்தை வைத்துப் பாடம் சொன்னபோது தெய்வாத்தாளுக்கு மனசு நிறைந்துபோனது. சித்திரை பிறந்த பிறகு அந்தப் பேச்சை நினைத்தாலே கசந்தது.

இரண்டு வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவே ஒரே வரப்பு. அதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் அவளை அங்கப்பனுக்குக் கொடுத்தார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் பாலுசாமியின் கிணற்றில் புதிதாகக் கரண்டு மோட்டார் ராப்பகலாக ஓடியது. இந்தப் பக்கம் நீர் இறைக்க அங்கப்பனின் கவலைமாடுகள் இழுத்த தோல்சாலில் சேறு வந்தது. வாழை குலை தள்ளி நின்ற நேரம். இன்னும் நாலு தண்ணீர் பாய்ந்தால் காய் முற்றிவிடும்.

அங்கப்பன் மச்சினன் சொன்னதைப் பிடித்துக்கொண்டான். மூங்கில் போட்டு, தென்னங்கீற்று பின்னி, கிணற்றின் வாயையே மூடினான். விடிந்ததும் ஒரு கீற்றைத் தூக்கி எட்டிப் பார்ப்பான். தண்ணீர் இன்னொரு படி இறங்கியிருக்கும். எங்கோ சந்து இருக்கிறது என்று அதில் வைக்கோலைத் திணிப்பான்.

“ஏனுங்க, ராத்திரியிலயுமல்லங்க எறங்குது. ராத்திரிக்கு ஏதுங்க வெய்யல்?”

“காத்து அடிக்குதல்ல?” அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “பொண்ணு எடுத்த ஊட்டுல போயித் தண்ணி கேக்கச் சொல்றியா? அந்தப் பேச்சே வேண்டாம், அம்மணி.”

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தண்ணீர் வரப்புக்கு அந்தப் பக்கம்தான் போகிறதென்று இவருக்கும் தெரியும். தெரிந்துதான் பின்னிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து ஓலையை எடுத்துக் கொடுத்தாள்.

முதல் வாழை நடுவில் ஒடிந்து, பிஞ்சுக் குலையோடு மண்ணில் சாய்ந்தது. அங்கப்பன் அதைத் தூக்கி நிறுத்தி முட்டுக் கொடுத்தான். கையை எடுத்ததும் மறுபடி சாய்ந்தது. மறுபடி நிறுத்தினான். அவள் அதற்கு மேல் பார்க்க மாட்டாமல் வரப்பைத் தாண்டினாள்.

“வாங்கக்கா! தண்ணியப் பாருங்க, ஆனை தும்பிக்கையாட்ட ஊத்துது. அடுத்த மாசம் கெணத்த இன்னும் ஆழப்படுத்திக் கரும்பு வெக்கறனுங்க.” பாலுசாமி குழாயடியில் நின்று சிரித்தான். “மாமா கெணத்துக்குக் கூரை போட்டிருக்காராமா? ஊரே சிரிக்குதுங்க.”

“நீதான கண்ணு சொன்னே, வெய்யல் குடிக்குதுன்னு.”

“நான் தட்டத்தைச் சொன்னனுங்கக்கா.”

மோட்டார் ஓசையில் தரை அதிர்ந்தது. அவன் முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்தபோதே, கேட்டால் என்ன பதில் வருமென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தொட்டியிலிருந்து தெறித்த நீர் அவள் காலை நனைத்தது. நகரவில்லை.

“தம்பி,” என்றாள். ஓசையில் அவளுக்கே கேட்கவில்லை. குரலை உயர்த்தினாள்.

“ராத்திரிலயாச்சும் இதெ நிறுத்து, கண்ணு.”