அத்தானுக்குத் தெரிந்த சதவீதம்

மூன்று வாரமாகப் பெரியவரின் குழு புரோட்டான்களை ஹைட்ரஜன்மேல் மோதவிட்டு, எந்தக் கோணத்தில் எத்தனை சிதறுகின்றன என்று எண்ணிக்கொண்டிருந்தது. பழைய விடை ஒன்று ஏற்கெனவே புத்தகங்களில் இருந்தது. அது மனதில் இருந்தால் கை தன்னையறியாமல் அந்தப் பக்கம் சாயும். அதனால் எண்ணிக்கை முழுவதிலும் சில சதவீதம் ரகசியமாக ஏற்றி வைத்திருந்தார்கள். திருத்தங்கள் முடிந்த பிறகே அதைக் கழிக்க வேண்டும். எத்தனை சதவீதம் என்று தெரிந்த ஒரே ஆள் குழுவின் கணினிக்காரி. வாயைத் திறக்கமாட்டாள் என்பதால் அவள் பெயரே பூட்டு.

பெரியவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கருவி அறையில் வேலை பார்த்த அவளுடைய அத்தானைப் பிடித்தார். அத்தான் தன் மனைவியைப் பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். "ஏண்டி, என்னமோ நம்பராமே? கூடப் பிறந்தவகிட்ட சொல்லக் கூடாதா?"

பூட்டுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அக்காவுக்குப் புரோட்டான் என்றால் சோப்பா சீப்பா என்றே தெரியாது. மடியில் கிடந்த பூனையை அன்று காலைதான் எடை போட்டிருந்தாள்.

"நாலு புள்ளி ரெண்டு. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"சேச்சே, நான் யார்கிட்ட சொல்லப்போறேன்!"

திங்கட்கிழமை பத்து மணிக்கெல்லாம் பெரியவர் சுறுசுறுப்பாகிவிட்டார். நாலு புள்ளி ரெண்டைக் கழித்துப் பார்த்தால் விடை பழைய விடைக்குக் கொஞ்சம் மேலே நின்றது. "முதல் வாரப் பதிவுல எண்ணிக்கை கொஞ்சம் தூக்கலா இருக்கே. எடுத்துடலாம்."

அதுவரை அந்த வாரத்தை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

"எழுதிக் குடுங்க சார், எடுத்துடறேன்" என்றாள் பூட்டு பவ்யமாக. அவர் கையெழுத்துப் போட்டே கொடுத்தார்.

புதன்கிழமை எல்லோர் முன்னாலும் ரகசியத்தைத் திறந்தாள். திரையில் நாலு புள்ளி ஒன்பது என்று வந்தது.

"நாலு புள்ளி ரெண்டு இல்லையா?" பெரியவர் வாய்தவறிக் கேட்டுவிட்டார்.

"நாலு புள்ளி ரெண்டு எங்க வீட்டுப் பூனையோட எடை சார். அக்காகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

செருப்பு போட்டிருந்த அத்தான் குனிந்து, இல்லாத ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார்.

நாலு புள்ளி ஒன்பதைக் கழித்ததும் விடை பழைய விடைக்குக் கொஞ்சம் கீழே கிடந்தது. எடுத்த வாரத்தைப் பூட்டு திரும்பச் சேர்த்தாள். கச்சிதமாகப் பழைய விடைமேல் போய் உட்கார்ந்தது. மனிதர் சும்மா இருந்திருந்தாலே போதும்!

பெரியவரின் காது இரண்டும் சிவந்தன. பிறகு அவரே முதலில் சிரித்தார். தான் எழுதிக் கொடுத்த தாளை வாங்கி நாலாகக் கிழித்தார்.

அத்தான்பாடுதான் திண்டாட்டம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். "வேவு பார்க்க நான்தான் கிடைச்சேனா?"

பூட்டு அதற்குள் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டிருந்தாள்.