முழுக் கோடு காட்டிய சிம்

கப்பலை ஓட்டும் அறையின் மூலையில், ஒரு சின்னத் திரைக்கு முன்னால் எலக்ட்ரீசியன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். திரையில் கப்பலின் இணையத்துக்கான இரண்டு வரிகள்: முதல் சிம், மாற்று சிம். கரையோரமாகவே போகும் சரக்குக் கப்பல் அது. ஒரு சிம்முக்கு டவர் விட்டுப்போனால் மாற்று சிம் தானாக எழுந்து வேலையை எடுத்துக்கொள்ளும்.

இன்று இரண்டு வரிகளிலும் சிக்னல் கோடுகள் சேர்ந்தே குறைந்தன.

முந்தைய துறைமுகத்தில் நின்றபோது பழைய மாற்று சிம் செத்துப்போயிருந்தது. கடைக்காரர் நாலைந்து கம்பெனி சிம்களை ஒவ்வொன்றாகப் போனில் போட்டுக் காட்டினார். எது அங்கே முழுக் கோடு காட்டியதோ அதையே வாங்கி வந்து செருகினான். முதல் சிம்மும் அதே கம்பெனிதான். நல்லதாகவே இரண்டு இருக்கட்டும் என்று நினைத்தான். டவர் போனால் இரண்டும் ஒன்றாகப் போகும் என்பது கப்பல் கிளம்பிய பிறகுதான் மண்டையில் உறைத்தது.

இணையம் போனால், டெக்கில் டீசல் டேங்க் மூடியைப் பார்த்தபடி இருக்கும் கேமராக்களின் படம் ஆபீசுக்குப் போகாது. படம் போகாத நேரத்தில் கப்பல்காரர்கள் டீசலை விற்கிறார்கள் என்பது ஆபீசின் தீர்மானம். அவனுக்கு முன்னால் இருந்த எலக்ட்ரீசியனை அப்படித்தான் அடுத்த கரையில் பெட்டியோடு இறக்கிவிட்டார்கள். டேங்கை அளந்துகூடப் பார்க்கவில்லை. திருடன் என்ற பெயரோடு போனவரை வேறெந்தக் கப்பலும் சேர்த்துக்கொள்ளவில்லை.

கோடுகள் அணைந்தன. கொஞ்ச நேரத்தில் சாட்டிலைட் போன் அடித்தது. கேப்டன் எடுத்து, "சரி சார், சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

"படத்த உடனே கொண்டுவரணுமாம். உன் பேர கேட்டு எழுதிக்கிட்டாங்க" என்றார் அவனிடம்.

தேநீர் கொண்டுவந்த சமையல்காரர் வாசலிலேயே நின்றார். அவர் எலக்ட்ரீசியனுடைய அக்கா புருஷன். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"என்ன மாப்ள, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

அவன் உள்ளதைச் சொன்னான்.

"இந்த மூளைய நம்பித்தான் உங்கக்கா உன்ன என் கையில ஒப்படைச்சாளா" என்றவர், தன் போனை எடுத்துப் பார்த்தார். "நம்ம சிம்மு வேற கம்பெனி. ரெண்டு கோடு காட்டுது. எடுத்து அதுல போடு."

"அக்கா கூப்பிடுமே மாமா."

"திட்டத்தான கூப்பிடுவா. காதுக்கு ஒரு நாள் லீவு கெடைக்கட்டும்."

சிம் போடும் பெட்டி டெக்கில் நின்ற கம்பத்தின் உச்சியில், ஆன்டெனாவோடு சேர்ந்து இருந்தது. வெளியே காற்று ஏறிக்கொண்டிருந்தது. கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது.

"அடுத்த டவர் வர்ற வரைக்கும் பொறுக்கலாமே கேப்டன். இல்லன்னா கப்பலத் திருப்பி அலைக்கு நேரா நிறுத்துங்க, ஆட்டமாவது கொறையும்" என்றார் சமையல்காரர்.

"தடம் மாறினா அதுக்கும் கேள்வி வரும். எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல" என்றார் கேப்டன், யார் முகத்தையும் பார்க்காமல்.

எலக்ட்ரீசியன் ஏறினான். ஒவ்வொரு படியிலும் இடுப்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றி மேலே மாட்ட வேண்டும். படிகள் உப்பு ஈரத்தில் வழுக்கின. கப்பல் சாயும்போதெல்லாம் அவனுக்குக் கீழே டெக் விலகி வெறும் தண்ணீர் வந்தது. பயந்து செத்தான். பெற்றவளைக் கூப்பிட்டான், தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டான். உச்சியில் ஒரு கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, மாமாவின் சிம்மை உதட்டில் கவ்வியபடி மூடியைத் திறந்தான். விரல்கள் மரத்துப்போயிருந்தன. இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை சிம் உள்ளே போய் உட்கார்ந்தது. பெட்டியின் விளக்கு பச்சையானது.

கீழே போய்ச் சேர்ந்தால் போதும் என்ற பதற்றத்தில், பாதித் தூரம் இறங்கிய பிறகு அவன் கொக்கியை மாட்டவில்லை. அடுத்த சாய்வில் கால் படியைத் தவறவிட்டது.

விழுந்த சத்தம் கேட்டு சமையல்காரர் ஓடிவந்தார். எலக்ட்ரீசியன் டீசல் டேங்க் மூடியின் மேல் குறுக்காகக் கிடந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையில் திரும்பியிருந்தது. அவர் அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"மாமா, லைன் வந்துச்சா?"

"வந்திருச்சு மாப்ள. அசையாத. அப்படியே கெட."

கேப்டன் போனைக் காதில் வைத்தபடியே வந்தார். "படம் வருதா சார்? நல்லது சார். சார், எலக்ட்ரீசியன் விழுந்துட்டான், கால் முறிஞ்சிருக்கு. பக்கத்துக் கரைக்குத் திருப்பட்டுமா?" பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "அதுக்கப்புறந்தானா சார்? சரி சார்."

சமையல்காரர் நிமிர்ந்து பார்த்தார். கேப்டன் தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துக்குங்க. டேங்க் மூடிய மறைக்கிறானாம், கேமராவுல தெரியலையாம்."

"கால் இப்படித் தொங்குது, இப்ப இழுக்கவா சொல்றீங்க?"

"என்ன பண்ணச் சொல்றீங்க? மூடியப் பாத்த பிறகுதான் கரையப் பத்திப் பேசுவாங்களாம்."

சமையல்காரர் மாப்பிள்ளையின் அக்குள்களில் கைகளைக் கொடுத்து இழுத்தார். அவன் அலறினான். கேப்டன் உள்ளங்கையால் போனைப் பொத்திக்கொண்டார். அலறல் முனகலாகத் தேய்ந்த பிறகு கையை எடுத்தார்.

"இப்ப மூடி தெரியுதா சார்?"