நாலாவது மாடிக்குப் போகாத லிஃப்ட்

லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருஷமான ஒரு மனிதர், ஓடாத ஒரு லிஃப்டின் முன்னால் பதினோரு நாளாக உட்கார்ந்திருந்தார். நிஜ லிஃப்டாக இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் அதன் காதைப் பிடித்துத் திருகி மேலே அனுப்பியிருப்பார். இது கம்ப்யூட்டருக்குள் இருந்த லிஃப்ட். காதும் இல்லை, பிடிக்க வழியும் இல்லை.

அவர் லேசுப்பட்ட மெக்கானிக் இல்லை. முப்பத்தைந்து வருஷத்தில் அவர் கை வைத்து ஓடாத லிஃப்ட் என்று இந்தப் பூமியில் ஒன்றுகூடக் கிடையாது. பேச்சுவார்த்தையே இல்லாத ஒரு மந்திரியும் அவருடைய மாமியாரும் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டபோது, ஒரு மணி நேரத்தில் இருவரையும் சமாதானமாக வெளியே எடுத்த பெருமை அவருக்கு உண்டு. அவர் படியேறி வரும் சத்தம் கேட்டாலே பாதி லிஃப்டுகள் பயந்து தானாக ஓட ஆரம்பித்துவிடும் என்று கம்பெனியில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவர் அவரேதான் என்பது வேறு விஷயம்.

கம்ப்யூட்டர் லிஃப்டைச் செய்தது அவருடைய ஒரே மகள். அவளும் இரண்டு கூட்டாளிகளும் சேர்ந்து மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு துப்பறியும் விளையாட்டை உருவாக்கியிருந்தார்கள். ஒரு பழைய ஹோட்டல், முதலாளி கொலையாகிக் கிடக்கிறார், ஆடுகிறவர்தான் துப்பறிவாளர். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு புதிர். சுவர்க்கடிகாரத்தைச் சரியான மணிக்குத் திருப்பினால் அலமாரி திறக்கும்; அலமாரியில் கிழிந்த கடிதம்; கடிதத்தை ஒட்டிப் படித்தால் இரும்புப் பெட்டியின் எண். இப்படியே மாடி மாடியாக ஏறி நாலாவது மாடிக்குப் போனால்தான் சந்தேகப் பேர்வழிகளைக் கண்ணால் பார்க்கவே முடியும்.

"அப்பா, வர்ற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை வெளியிடறோம்" என்று சொல்லி மகள் அதைக் கொடுத்திருந்தாள். "பன்னிரண்டு பேர் ஆடிப் பார்த்துட்டாங்க. எல்லாரும் கேம்லயே பொறந்து வளர்ந்தவங்க. ஒண்ணுமே தெரியாத ஒரு ஆள் வேணும். நீங்கதான் கடைசி டெஸ்ட்."

"ஒண்ணுமே தெரியாத ஆளுன்னா உடனே என் ஞாபகம் வந்துச்சாக்கும்" என்றார் அவர், நெஞ்சு நிமிர்ந்துபோய்.

"மூணாவது மாடிக்கு மேல ஒரு லிஃப்ட் புதிர் இருக்கு. உங்களுக்காகவே வச்சேன். சின்னப் புதிர்தான். என் சிநேகிதி பொண்ணு, பத்து வயசு, நாலே நிமிஷத்துல முடிச்சிட்டா."

முதல் மூன்று மாடிகளை அவர் ஒரே நாளில் ஊதித் தள்ளினார். அப்புறம் லிஃப்ட். மூன்றாவது மாடிக் கோடியில் மெஷின் ரூம். உள்ளே ஒரு பேனல். பேனலுக்குள் அறுந்து தொங்கும் நாலு நிறக் கம்பிகள். ஒவ்வொரு மாடியின் கம்பளமும் ஒவ்வொரு நிறம். கீழ்த்தளத்தில் சிவப்பு, அதற்கு மேலே பச்சை, அடுத்து மஞ்சள், கடைசியில் நீலம். அந்த வரிசையில் கம்பிகளை மாட்டினால் லிஃப்ட் கிளம்பும். அவ்வளவுதான். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்யலாம்.

மாட்டினார். லிஃப்ட் கிளம்பவில்லை.

தலைகீழாக மாட்டினார். குறுக்காக மாட்டினார். நாலு கம்பிகளை இருபத்து நாலு விதமாகத்தான் மாட்ட முடியும். அவர் எப்படியோ நூறு விதமாக மாட்டிவிட்டார். விளையாட்டை முதலிலிருந்து ஆரம்பித்து, மறுபடியும் மூன்று மாடி ஏறி வந்து மாட்டினார். ஐந்து தடவை அப்படி ஏறியதில், அந்த ஹோட்டலின் கம்பளத்தில் தன் செருப்புத் தேய்ந்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றியது. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, செய்ததை எல்லாம் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதினார். ஒரு தப்பும் இல்லை. லிஃப்டும் அசையவில்லை.

ஆறாவது நாள்தான் பயம் வந்தது.

அவருடைய அண்ணன் ஒருவர் இருந்தார். பெரிய கணக்கு வாத்தியார். இதே அறுபத்தாறு வயதில், ஒரு நாள் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் கண்ணாடி முன்னால் நின்றார். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக மறந்து, கடைசியில் தம்பியைப் பார்த்து, "சாருக்கு யாரு வேணும்?" என்று மரியாதையாகக் கேட்டார். லிஃப்ட்காரர் எதையும் ஊதிப் பெருக்கிச் சொல்கிறவர்தான். ஆனால் அந்த ஒரு கேள்வியை மட்டும் அவர் இதுவரை யாரிடமும் சொன்னதே இல்லை.

போதாததற்கு, போன வாரம் அவர் தன் சொந்தக் கட்டடத்திலேயே தப்பான மாடியில் இறங்கி, அடுத்தவர் வீட்டுப் பூட்டில் தன் சாவியைப் போட்டுக் குடைந்திருந்தார். யாரும் பார்க்கவில்லை. அவர் பார்த்தார், அது போதாதா? இப்போது பத்து வயதுப் பெண் நாலு நிமிஷத்தில் முடித்ததை இத்தனை நாளாக முடிக்க முடியவில்லை. தலைக்குள்ளே ஒவ்வொரு விளக்காக அணைய ஆரம்பித்துவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

அதனால்தான், மகள் போன் செய்தபோது பொய் சொன்னார்.

"முடிச்சிட்டீங்களாப்பா?"

"அதெல்லாம் அப்பவே முடிச்சாச்சு."

"கொலைகாரன் யாரு, சொல்லுங்க பார்ப்போம்?"

"இந்த மாதிரி விஷயத்தை எல்லாம் போன்ல பேசக் கூடாதும்மா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சரி, சனிக்கிழமை நேர்லயே வர்றேன். என் முன்னாடி ஒரு தடவை ஆடிக் காட்டுங்க. எங்க யோசிக்கிறீங்க, எங்க தடுமாறுறீங்கன்னு நான் பார்க்கணும்."

போனை வைத்ததும் அவர் நேரே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, மறுபடியும் கம்பிகளை மாட்ட ஆரம்பித்தார்.

சனிக்கிழமை மதியம் மகள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். "ஐயோ, அம்மா! முதுகு! உட்காரவே முடியலை! உங்க அம்மா ஆடட்டும், நீ பாரு."

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். முப்பது வருஷம் கோர்ட்டில் தீர்ப்புகளை டைப் அடித்தவள் அவள். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் தீர்ப்பு மட்டுமே சொல்வாள். அதனால் வீட்டில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். "காலையில பரண் மேல ஏறி இறங்கின முதுகு, அவ வந்த உடனே படுத்துக்குச்சா?" என்றாள். ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

மகள் நேரே லிஃப்ட் கட்டத்தைத் திறந்து கொடுத்தாள். அவர் சோபாவில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பார்க்கத் தெம்பில்லை, காது மட்டும் நாய்க்காது மாதிரி விறைத்து நின்றது.

"இதென்னடி, கம்பி தொங்குது?"

"அப்பா ஆடறப்ப கீழ் மாடியில கம்பளம் பார்த்திருப்பியேம்மா, என்ன நிறம்?"

"சொல்லாதே, சொல்லாதே. சிவப்பு. அப்புறம் பச்சை…"

டிங்.

லிஃப்ட் கிளம்பி மேலே போகும் அந்த 'உய்ங்' சத்தத்தை அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். பதினோரு நாளாக அவர் தவம் கிடந்த சத்தம். அவருடைய மனைவி, டி.வி. ரிமோட்டில் சத்தத்தைக் குறைக்கத் தெரியாமல் டி.வி.யையே அணைத்துவிடுகிற அவருடைய மனைவி, மூன்று நிமிஷத்தில் வரவழைத்துவிட்டாள்.

"இதுக்கா பதினோரு நாளா மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க?" என்றாள் ஜட்ஜம்மா.

மகள் திரும்பிப் பார்த்தாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தோள்கள் குலுங்கின.

"அப்பா?"

"நான் முடிக்கலைம்மா. பொய் சொன்னேன்." அவர் எழுந்து உட்கார்ந்தார். முதுகு நினைவே இல்லை. "என்னால முடியலை. எனக்குத் தலை போயிடுச்சு. உங்க பெரியப்பா மாதிரி. அவரு கடைசியில என்னைப் பார்த்து, சாருக்கு யாரு வேணும்னு கேட்டாரு. நாளைக்கு நான் உன்னைப் பார்த்து அப்படிக் கேட்டா…"

கம்ப்யூட்டர் மட்டும் விவஸ்தையில்லாமல் ஹோட்டல் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தது.

"போன வாரம் தப்பான மாடியில இறங்கி, வேற வீட்டுப் பூட்டைத் திறக்கப் பார்த்தேன்" என்றார் மெதுவாக.

"நான் போன மாசம் இறங்கினேன்" என்றாள் ஜட்ஜம்மா. "உள்ளேயே போயிட்டேன். அவங்க டீ குடுத்தாங்க. எல்லா மாடியிலயும் ஒரே பச்சைக் கதவை வச்சா, ஆண்டவனே வந்தாலும் அடையாளம் தெரியாது."

"நீ என் மனசு ஆறணும்னு சொல்றே."

"நான் என்னைக்குங்க உங்க மனசுக்காக ஒண்ணு சொல்லியிருக்கேன்?"

அது உண்மைதான். ஆனால் அந்த உண்மை அவருக்கு ஆறுதலாக இல்லை.

மகள் நோட்டுப் புத்தகத்தை வாங்கினாள். இருபத்து மூன்று படிகள், மணி மணியான கையெழுத்தில். விளையாட்டைப் பின்னுக்குக் கொண்டுபோய், அவர் எழுதியதை அப்படியே, ஒரு வரி விடாமல் செய்தாள்.

டிங்.

"பார்த்தியா!" என்றார் அவர். "நான் செஞ்சதை நீ செஞ்சாலும் ஓடுது! நான் செஞ்சா மட்டும் ஓடலை! செஞ்சேன்னு நினைச்சுக்கிட்டு எதையோ செய்யாம விட்டிருக்கேன். எழுதினதுகூட எல்லாம் கற்பனை!"

"இருங்கப்பா." மகள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "நீங்க உட்காருங்க. வாயால சொல்ல வேண்டாம், எழுத வேண்டாம். சும்மா செய்யுங்க. நான் பின்னாடி நின்னு பார்க்கிறேன்."

தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி போய் உட்கார்ந்தார். மௌஸைப் பிடித்தார். மெஷின் ரூம் கதவு திறந்தது. உள்ளே நுழைந்தார். அடுத்த வினாடி மகள் அவர் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"நில்லுங்க! இப்ப என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்? ஒண்ணும் பண்ணலையே!"

"இடது பக்கச் சுவர்ல என்னமோ இழுத்தீங்க."

அவர் திரையைப் பார்த்தார். இடது பக்கச் சுவரில், கைப்பிடி வைத்த பெரிய இரும்பு சுவிட்ச் கீழே இறங்கி நின்றது.

"மெயினை ஆஃப் பண்ணேன்" என்றார், 'மூச்சு விட்டேன்' என்கிற தொனியில்.

"ஏன்?"

"ஏனா? பேனல்ல கை வைக்கப் போறேன்ல! மெயின் ஆஃப் பண்ணாம எவனாவது பேனலைத் தொடுவானா? என் கண்ணு முன்னாடி ஒருத்தன் தொட்டான்; அவன் புருவம் முளைக்கவே ரெண்டு வருஷம் ஆச்சு!"

"இது நோட்டுல இல்லையேப்பா?"

"அதை எதுக்கு எழுதணும்? அதெல்லாம் வேலைக்கு முன்னாடி. வேலை அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. கம்பியை மாட்டி முடிச்சதும் மெயினைத் திரும்ப மேலே தள்ளிடுவேன். தினமும் அப்படித்தான் செஞ்சேன்."

மகள் சட்டென்று போனை எடுத்தாள். மறுமுனையில் இருந்தது அவளுடைய கூட்டாளிகளில் ஒருவன். எல்லாரும் அவனைத் தாடி என்று கூப்பிடுவார்கள்.

"டேய் தாடி, மெஷின் ரூம்ல மெயின் சுவிட்ச் இருக்குல்ல, அதைக் கீழே இழுத்தா கரண்ட் போகுது. சரி. மேலே தள்ளினா கரண்ட் வருதா?"

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டும் சத்தம்.

"படம் மேலே போகும்" என்றான் தாடி ஈனக்குரலில். "கரண்ட்… கரண்ட் வரும்னு எழுத மறந்துட்டேன். ஆனா அதைப் பிடிச்சு அடி வரைக்கும் இழுத்தாதான் ஆஃப் ஆகும். சும்மா தட்டினா சத்தம் மட்டும்தான் வரும். பன்னிரண்டு பேரும் தட்டிட்டுப் போயிட்டாங்க. எவன்டி அதைப் போய் முழுசா இழுத்தது?"

"எங்க அப்பா" என்றாள் மகள். அதைச் சொன்ன விதம், தன் அப்பா ஒரு மலையை இழுத்துவிட்டார் என்பது போல இருந்தது. "திங்கட்கிழமை இப்படியே போயிருந்தா, உலகத்துல இருக்கிற எலெக்ட்ரீஷியன் எல்லாம் மூணாவது மாடியிலயே நின்னுருப்பாங்கடா!"

லிஃப்ட்காரருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மகள் இரண்டாவது தடவை விளக்கினாள். புரிந்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொண்டார். பதினோரு நாளாக நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த யானை எழுந்து, சோம்பல் முறித்து, பால்கனி வழியாக இறங்கிப் போனது.

"அப்போ லிஃப்டுலதான் கோளாறு?" என்றார்.

"லிஃப்டுலதான்பா."

"எனக்கு இல்லை?"

"உங்களுக்கு இருக்கிற கோளாறெல்லாம் பழசு" என்றாள் ஜட்ஜம்மா. "கல்யாணத்தப்பவே இருந்தது." சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் நறுக்கியதாகச் சொன்னாள். அன்றைக்குச் சமையலில் வெங்காயமே இல்லை.

இருபது நிமிஷத்தில் தாடி சரிசெய்து அனுப்பினான். லிஃப்ட்காரர் மெயினை ஆஃப் செய்தார், கம்பிகளை மாட்டினார், மெயினை மேலே தள்ளினார். டிங். லிஃப்ட் நாலாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் போட்ட கூச்சலில் கீழ் வீட்டுக்காரர்கள் நிலநடுக்கம் என்று நினைத்து வாசலுக்கு ஓடினார்கள்.

நாலாவது மாடியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்: ஹோட்டலின் மேனேஜர், ஒரு பாட்டுக்காரி, கையில் காயத்தோடு ஒரு சலவைக்காரர். அவர் மூவரையும் விசாரித்தார். சலவைக்காரரின் சட்டைக் கையில் ரத்தக்கறை, கேட்டால் முழிக்கிறார். துப்பறிவாளர் நாற்காலியில் சாய்ந்து, மீசையைத் தடவி, "ஆளைப் பிடிச்சாச்சு" என்று அறிவித்து, சலவைக்காரரைக் கைது செய்தார்.

திரையில் பெரிய எழுத்தில் வந்தது: நிரபராதியைக் கைது செய்துவிட்டீர்கள்.

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "கவலைப்படாதீங்கப்பா. பன்னிரண்டு பேர்ல பதினோரு பேர் அவரைத்தான் பிடிச்சாங்க. அதுக்காகத்தான் அந்தக் கறையையே வச்சோம்."

"பதினோரு பேரா?"

"ஆமாப்பா."

"நல்லா யோசிக்கிறவங்க? கேம்லயே பொறந்து வளர்ந்தவங்க?"

"அவங்களேதான்."

அவர் முகம் மலர்ந்தது. எழுந்து நின்றார். ஊர் உலகமே ஏமாந்த இடத்தில் தானும் ஏமாந்துவிட்ட சந்தோஷத்தில் அவருக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது.

"ஏம்மா!" என்று சமையலறைப் பக்கம் கத்தினார். "கேட்டியா? நான் தப்பான ஆளைப் பிடிச்சிட்டேன்! எல்லாரையும் போல!"